குடும்ப மருத்துவராக இருந்துகொண்டே மென்பொருளும் எழுத முடியுமா?

கோலாலம்பூரில் அரசாங்க கிளினிக் ஒன்றில் மருத்துவ அதிகாரியாக இருக்கும் இளம் டாக்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் கோடிங் பிடிக்கும். பைத்தான் ஓரளவு வரும். கிளினிக்கில் தினமும் படும் பாட்டைப் பார்த்தால் நாமே ஒரு மென்பொருள் எழுதிவிடலாமே என்று தோன்றுகிறது. மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கவா, குடும்ப மருத்துவம் மேற்படிப்பு படிக்கவா? இரண்டையும் வைத்துக்கொண்டால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் ஆகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்."

நான் செந்தூலில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர். என் கிளினிக்கிலும் நண்பர்கள் சிலரின் கிளினிக்குகளிலும் ஓடும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பவனும் நானே. அதனால் நேராகவே சொல்கிறேன், தம்பி. இரண்டையும் செய்யலாம். நோயாளி பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நன்றாகக் கோட் எழுதுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தத் திறமையில் நீங்களும் நானும் அவர்களை எட்டிப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, உள்ளே காய்ச்சல் பிள்ளை வீறிட்டு அழ, அந்த நேரத்தில் திரையில் ஒரே பார்வையில் எது கண்ணில் பட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. நோயாளி பார்ப்பதை நிறுத்தினால் அந்த அறிவு மெல்ல மெல்லப் பழசாகிவிடும்.

வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்ட முன்னுதாரணம் வேண்டுமானால் நிறைய இருக்கிறது. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எமிஸ் மென்பொருளைத் தொடங்கியவர்கள், யார்க்‌ஷயர் பக்கம் எக்டன் என்ற கிராமத்தில் கிளினிக் நடத்திய பீட்டர் சவர்பி, டேவிட் ஸ்டேபிள்ஸ் என்ற இரண்டு குடும்ப மருத்துவர்கள். அதே நாட்டில் லஃபரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரீட் என்ற குடும்ப மருத்துவர் 1980களில் அமைத்த நோய்க் குறியீட்டு முறையில்தான் அந்நாட்டு கிளினிக்குகள் பல்லாண்டு காலம் பதிவு எழுதின. ஆஸ்திரேலியாவில் மெடிக்கல் டைரக்டர் மென்பொருளை உருவாக்கிய ஃபிராங்க் பைஃபிஞ்ச், குவீன்ஸ்லாந்தின் பண்டபெர்க் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் சான், குடும்ப மருத்துவர். ஆஸ்கார் என்ற திறமூல மென்பொருள் அவர் முயற்சியில் வந்தது. உலகத்துக்கே எழுதுகிறோம் என்று இவர்கள் உட்காரவில்லை. தம் மேசைக்கு என்ன தேவை என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவற்றையே கொண்டுவந்து இங்கே போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முழுதாகப் பொருந்தாது. நம் ஊர் தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தும் கொடுக்கிறார். பதிவு முகப்பில் ஐசி என்னும் அடையாள அட்டையை வாங்குகிறோம், அறையில் பார்க்கிறோம், பிறகு மருந்து முகப்பில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அங்கேயே காசும் வாங்குகிறோம். டாக்டர் ஆலோசனைக்கு 2006ஆம் ஆண்டு விதிகள் வகுத்த கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட்டாக இருந்தது. அதனால் கிளினிக்கின் பிழைப்பு பெரும்பாலும் மருந்து அலமாரியில் இருக்கிறது. காலாவதித் தேதி, கையிருப்பு, ஊழியர்களின் சிகிச்சைக்குப் பணம் கட்டும் பேனல் கம்பெனிகளில் எது எந்த மருந்துக்குப் பணம் தரும், எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு எத்தனை நாள், இதெல்லாம் ஒரே திரையில் வர வேண்டும். 2025 மே 1 முதல் மருந்து விலையையும் கிளினிக்கில் காட்டியாக வேண்டும். மருந்துக் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடும் நாட்டில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு இதில் பாதி புரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவ மென்பொருளில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். அதைப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த வேலைக்கு வர வேண்டும்.

நம் பெரியவர்கள் பலர் ஊருக்குப் போகும்போது சென்னையில் "ஃபுல் செக்கப்" செய்துகொண்டு வருவார்கள். அறுபத்து நான்கு வயது அம்மா ஒருவர், பத்து வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் நாளுக்கு 2 கிராம் எடுக்கிறார் என்று வையுங்கள். பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்து, "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க டாக்டர்" என்கிறார். அதில் சர்க்கரை 180, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. இந்திய ஆய்வுக்கூடம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும். நாம் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலிலும் கிரியாட்டினினை மைக்ரோமோலிலும் எழுதுகிறோம். சர்க்கரை 180 என்பது நம் கணக்கில் 10. முகப்புப் பெண் 180 என்றே தட்டிவிட்டாலும் கவலையில்லை, அப்படி ஒரு சர்க்கரையோடு யாரும் நடந்து வர முடியாது என்று யார் கண்ணிலும் பட்டுவிடும்.

கிரியாட்டினின் அப்படியில்லை. 1.4 என்பதை 88.4ஆல் பெருக்கினால் 124 மைக்ரோமோல். இந்த அம்மாவின் வயதுக்கு, 2021ஆம் ஆண்டு வந்த சூத்திரத்தில் போட்டால் சிறுநீரக வடிகட்டும் வேகம் 42 அளவில் வரும். 45க்குக் கீழே வந்துவிட்டால் மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். இப்போது 1.4 என்பதை மைக்ரோமோல் கட்டத்தில் அப்படியே தட்டிப் பாருங்கள். சூத்திரம் 240 என்று சொல்லும். மனிதச் சிறுநீரகத்துக்கு நடக்காத காரியம். ஆனால் பல மென்பொருள்கள் ஆய்வுக்கூட வழக்கப்படி 90க்கு மேல் எது வந்தாலும் "90க்கு மேல்" என்று மட்டும் காட்டும். திரையில் பச்சை விளக்கு. அந்த அம்மா அதே 2 கிராமோடு வீட்டுக்குப் போவார்.

மேல் பக்கம் தவறினால் கண்ணில் படுகிறது, கீழ்ப் பக்கம் தவறினால் மறைந்துவிடுகிறது. இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. எண்ணும் அலகும் பிரியாமல் ஒன்றாகச் சேமிக்கப்பட வேண்டும். கட்டத்துக்குப் பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடக் கூடாது. கிரியாட்டினின் 20 மைக்ரோமோலுக்குக் கீழே வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். எங்கள் கிளினிக்கில் வெளிநாட்டு ரிப்போர்ட் என்றால் தாளில் உள்ளபடியே, அதே அலகோடு பதிய வேண்டும். மாற்றும் கணக்கைக் கம்ப்யூட்டர் செய்யும், இரண்டு எண்ணும் அருகருகே தெரியும். மனிதரை மனக்கணக்குப் போடச் சொல்லாதீர்கள், அதுவும் மத்தியானம் ஒரு மணிக்கு.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஆபத்து, பிள்ளைகளின் பாராசிட்டமால் சிரப். நம் கிளினிக் அலமாரியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 180 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. டாக்டர் முதலாவதை மனதில் வைத்து எழுத, அது தீர்ந்துபோய் மருந்து முகப்பில் இரண்டாவதை எடுத்துக் கொடுத்து லேபிளில் 7.5 என்றே இருந்தால் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். ஆகவே டாக்டரின் திரையில் மில்லிகிராமைப் பதியுங்கள். மில்லிலிட்டர் கணக்கு, முகப்பில் பாட்டிலை ஸ்கேன் செய்த பிறகு, அந்தப் பாட்டிலின் வீரியத்திலிருந்து வரட்டும்.

பெயர், ஐசி எண் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமூகம் இதில் நிறையவே அடிபடுகிறது. வெளிநாட்டு மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அது கிடையாது. மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி போட்டு அப்பா பெயர். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால் அண்ணன் தங்கை ஒரே குடும்பமாக வருவார்கள், அப்பா அம்மா இரண்டு பேரும் வேறு வேறு குடும்பமாகிவிடுவார்கள். குடும்ப மருத்துவருக்கு வேண்டியதே அந்த வீட்டுப் படம்தான். யாருக்கு யார் என்ன உறவு, ஒரே வீட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை உறவாகவே தனியாகப் பதிய வேண்டும். அந்த ஏ/எல் நடுவில் உள்ள சாய்கோடும் தொல்லை தரும்: விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது, நோயாளி பெயரில் ஆய்வுக்கூட ரிப்போர்ட்டைச் சேமிக்க முயன்றால் அங்கேயே நின்றுவிடும்.

ஐசியின் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். வசதியானது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். 24 என்று தொடங்கினால் 1924இல் பிறந்த பாட்டியா, 2024இல் பிறந்த பேத்தியா? வயதை வைத்து அளவு கணக்கிடும் மென்பொருளில் இதை நூற்றாண்டோடு ஒரு முறை உறுதிப்படுத்தாமல் விடக் கூடாது. அதைவிட முக்கியமானது, ஐசி எண்ணைக் கட்டாயக் கட்டமாக வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டோடு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர் இருக்கிறார்கள். பிறந்து நாலு நாளான பிள்ளை இருக்கிறது. பிறப்புப் பதிவு சரியில்லாமல் எந்த அடையாள அட்டையும் கிடைக்காமல் வளர்ந்துவிட்ட நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டம் கட்டாயம் என்றால் முகப்பில் வரிசையாகச் சைபர் தட்டி உள்ளே அனுப்புவார்கள்; நாலு பேருக்கு அதே எண் விழுந்தால் நாலு பேரின் பதிவும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை, இன்னொருவர் பதிவில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கோட் எழுதும் மேசையில் சாதாரண ஒரு வரி, செந்தூலில் ஒரு மனிதர் டாக்டரைப் பார்க்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மருந்து லேபிள் தமிழில் அச்சாவது இன்னொரு வேலை. மலாயும் ஆங்கிலமும் தெரியாத பாட்டிமார் குறைந்துவிட்டார்கள், தீர்ந்துவிடவில்லை. லேபிள் பிரிண்டரில் உள்ளேயே இருக்கும் எழுத்துருக்கள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவராது; "போ" என்பது சிதறி வரும். லேபிளைக் கம்ப்யூட்டரிலேயே படமாக வரைந்து படமாக அனுப்பினால் சரியாகிவிடும். தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் ஒழுங்காக வர முத்து நெடுமாறன் இதே கோலாலம்பூரில் முரசு மூலம் 1980களிலிருந்து உழைத்ததை நினைத்துப் பார்த்தால், அந்த உழைப்பு மாத்திரைப் பொட்டலம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு. இதைத் தமிழில் படித்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு பையில் போடும் ஒருவரைப் பார்த்தால் உங்களுக்கும் அந்த ஆசை வரும்.

எச்சரிக்கைச் செய்திகளைப் பற்றிச் சுருக்கமாக. புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெட்டி போட விரும்புவார்கள். ஒரு நாளில் முப்பது முறை குதித்தால் முப்பத்தோராவது பெட்டியை டாக்டர் படிக்காமலே மூடுவார், அதில்தான் விஷயம் இருக்கும். கையை நிறுத்த வேண்டிய நாலைந்துக்கு மட்டும் பெட்டி வையுங்கள். மற்றதைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் காட்டினால் போதும்.

முதலில் எதை எழுதுவது? முழு கிளினிக் மென்பொருளில் கை வைக்காதீர்கள், அது உங்களை விழுங்கிவிடும். என் யோசனை டெங்கி பட்டியல். டெங்கியில் காய்ச்சல் இருக்கும் நாளைவிட, அது இறங்கி "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லும் நாள்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர்மம் வெளியே கசியும் பிளாஸ்மா கசிவு அப்போதுதான் தொடங்கும். அதனால் தினமும் வந்து ரத்தம் பார்க்கச் சொல்கிறோம். வராதவர்கள்தான் பிரச்சினை. காய்ச்சல் தொடங்கிய தேதியையும், ஒவ்வொரு நாளின் ஹெமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பிளேட்லெட்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்துக் காட்டி, இன்று வர வேண்டியவர்களில் பிற்பகல் மூன்று மணி வரை வராதவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மேலே கொண்டுவரும் ஒரு பட்டியல். அவ்வளவுதான். மருந்து சொல்லாது, நோயைத் தீர்மானிக்காது. நர்ஸ் ஃபோன் எடுத்துக் கூப்பிடுவார். தனிவரிகளாக வரும்போது தெரியாத ஒன்று அந்த ஒரே வரியில் தெரியும்: பிளேட்லெட் இறங்க இறங்க ஹெமட்டோகிரிட் 40, 43, 47 என்று ஏறுவது. இப்படிப்பட்ட ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டீர்கள்.

நீங்கள் அரசாங்கச் சேவையில் இருப்பதால் கவனமாக இருக்க வேண்டியவை உண்டு. வெளிவேலை செய்து சம்பாதிப்பதற்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கிளினிக் நோயாளிகளின் விவரத்தை உங்கள் மடிக்கணினியில் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது கூடவே கூடாது. கற்பனைப் பெயர்களை வைத்துச் சோதியுங்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தை நுண்ணுணர்வுத் தரவு என்று தனியே வைக்கிறது. அந்தச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது, தனியார் கிளினிக்குக்குப் பொருந்தும். 2024 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் சார்பில் தரவைக் கையாளுகிறவருக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக உண்டு. நண்பரின் கிளினிக் பதிவுகளை உங்கள் சர்வரில் வைத்த நாளிலிருந்து அந்த ஆள் நீங்கள்தான். தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமையும் இப்போது சட்டத்தில் உண்டு. பிறகு, 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம். நேரம் ஒதுக்குவது, பில் போடுவது சாதனம் ஆகாது. நோயைக் கண்டறியவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ கணக்குப் போட்டுச் சொல்லத் தொடங்கினால் மென்பொருளும் சாதனமாகலாம், பதிவு செய்ய வேண்டி வரலாம். டெங்கி பட்டியலில் ஆரம்பிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிக்க வேண்டியது? பைத்தான் தெரிந்தால் போதும், இன்னொரு மொழிக்கு ஓடாதீர்கள். தரவுத்தளத்தை ஆழமாகப் படியுங்கள்; மருத்துவ மென்பொருளின் ஆயுள் அதன் அட்டவணைகளில்தான் இருக்கிறது, திரைகள் மாறிக்கொண்டே இருக்கும். பதிவை அழிக்காமல், திருத்தியவர் யார், எப்போது, முன்பு என்ன இருந்தது என்று வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தானியங்கிச் சோதனை எழுதாமல் அளவுக் கணக்கு எதையும் வெளியே விடாதீர்கள். 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் மென்பொருள் பிழையால் நோயாளிகளுக்குப் பல மடங்கு கதிர்வீச்சைப் பாய்ச்சி உயிரைப் பறித்த வரலாற்றை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். ஆபரேட்டர் திரையில் வேகமாகத் திருத்தியபோதுதான் அந்தப் பிழைகளில் ஒன்று வெளிப்பட்டது. வேகமாகத் திருத்துவது எந்த கிளினிக்கில் நடக்காது?

தரநிலைகளில், மருத்துவமனையோடு தரவு பரிமாற ஃபயர் (FHIR) என்ற தரநிலை தெரிந்திருக்க வேண்டும். நோய்க் குறியீட்டுக்கு எல்லாரும் ஐ.சி.டி. (ICD) என்ற நோய்ப் பட்டியலைச் சொல்வார்கள், நம் வேலைக்கு உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வோன்காவின் ஐ.சி.பி.சி.யை (ICPC) பாருங்கள். "களைப்பு", "தலைசுற்றல்" என்று பெயர் வைக்க முடியாத நிலையிலேயே நோயாளியை வைத்திருக்க அதில் இடம் உண்டு. நம்மிடம் வருகிறவர்களில் பலர் முதல் நாளில் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். இல்லாத நோய்ப் பெயரை எழுத வைக்கும் மென்பொருள் பதிவைப் பொய்யாக்கிவிடும்.

மேற்படிப்பைப் பற்றி: போடுங்கள் விண்ணப்பம். பல்கலைக்கழக முதுகலை 4 ஆண்டு. குடும்ப மருத்துவ அகாடமி வழியாகப் போகும், அதற்கு இணையான இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் பெரிதாக எதையும் எழுத முடியாது, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. நாட்பட்ட நோயாளி ஒருவரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது என்றால் என்ன என்று அங்கேதான் கற்பீர்கள். நீங்கள் பிற்காலத்தில் எழுதப்போகும் எல்லா அட்டவணைக்கும் அதுதான் வடிவம். பணத்தைப் பொறுத்தவரை மென்பொருளை நம்பிக் கடன் வாங்காதீர்கள். சிறிய கிளினிக்குகள் மாதச் சந்தா கொடுக்கத் தயங்கும், கொடுத்தாலும் இரவு எட்டு மணிக்கு பில் வரவில்லை என்று உங்களைத்தான் கூப்பிடும். என் ஏற்பாடு, வாரத்தில் ஒரு முழு நாள் நோயாளி பார்க்காமல் மென்பொருளுக்கு மட்டும். மாற்றங்களை அந்த நாளில் சோதித்து, மறுநாள் நான் கிளினிக்கில் இருக்கும்போது மட்டுமே வெளியிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் மாற்றுவதில்லை.

இன்னொரு கிளினிக்குக்குக் கொடுக்கும் நாள் வந்தால், அதற்கு முன் மூன்று காரியம். நகலெடுத்து வைத்த தரவைக் காலியான வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து, நோயாளி பதிவு திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மின்சாரமோ இணையமோ போனால் எழுதுவதற்கான தாள் படிவத்தை அச்சடித்து முகப்பு இழுப்பறையில் வையுங்கள். அந்த கிளினிக் உங்களை விட்டு வேறு மென்பொருளுக்குப் போக விரும்பினால் அவர்களின் பதிவு முழுவதையும் படிக்கக்கூடிய வடிவில் ஒரே பொத்தானில் எடுத்துக்கொள்ள வழி செய்து, அதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.